அறுமீன் கணக்கு

2024 அக்டோபர் 19, சனி

வானம் பார்க்கும் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சந்தா எதுவும் கேட்கவில்லை. ஒரு பாயும், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பதினோரு பேர் கூடியிருந்தோம். எல்லோரும் என்னிடம் கணக்குப் படித்திருக்கக்கூடிய வயதினர். இருவர் உண்மையாகவே படித்தவர்கள். மேற்கே மேகம் விலகிய கால் மணி நேரத்தில் சுச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளியைப் பைனாகுலரில் காட்டினார்கள். இடது கண்ணுக்கு அது, ஈரச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியை ஒரு முறை இழுத்துவிட்டாற்போலத் தெரிந்தது. வலது கண்ணுக்கு எதுவுமே இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 20

மழை. வால்வெள்ளி இல்லை.

அக்டோபர் 28

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1. எட்டுக்குக் கீழே வராமல் வலது கண்ணின் புரையில் கை வைக்க மாட்டார்களாம். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னபோது, ரேஷன் கடையில் சர்க்கரை இன்னும் இறங்கவில்லை என்று சொல்வது போலவே இருந்தது.

நவம்பர் 2, சனி

தீபாவளிப் புகை இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. அமாவாசையை ஒட்டிய இரவாக இருந்தும் வானம் பழுப்பேறிக் கிடந்தது. கார்த்திகைக் கூட்டம் கிழக்கே ஏறியதும் அதன் நட்சத்திரங்களை எண்ணினேன். இடது கண்ணுக்கு ஐந்து. வலது கண்ணுக்கு ஒரு பஞ்சுப் பொதி.

அம்மா அதை அறுமீன் என்றுதான் சொல்வார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கண்ணாடி போட்டதே அந்தக் கணக்கால்தான்: வாசல் திண்ணையில் உட்கார வைத்து எண்ணச் சொன்னார், நான் "மேகம் மாதிரி இருக்கு" என்றேன், மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்.

சங்கத்தின் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைச் செய்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை பார்ப்பவர் சனியைக் காட்டினார் என்று எழுதினால் கதை கட்டுகிறேன் என்பார்கள். சனியின் வளையம் மெலிந்து ஒரு கோடாகிக்கொண்டிருக்கிறது. வரும் மார்ச் 23 அன்று அது நமக்கு விளிம்பை மட்டுமே காட்டும் என்றார். நான் வலது கண்ணைக் குழாயில் வைத்ததைப் பார்த்துவிட்டார். "டீச்சர், இடது கண்ணை வைங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

நவம்பர் 11

காலையில் கம்பு, மாலையில் நடை, இரவில் இரண்டு சப்பாத்தி. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 23, சனி

இன்று யுரேனஸ். கார்த்திகைக்குச் சற்றுத் தெற்கே, குழாயைப் பலமுறை நகர்த்தித் தேடி எடுத்தார். இடது கண்ணுக்கு இலேசான பச்சை கலந்த நீலப் புள்ளி. வலது கண்ணுக்குப் பழைய காகிதத்தின் நிறம். புரை விழுந்த வில்லை மஞ்சளித்துப்போய் நீலத்தை வடிகட்டிவிடுமாம். அப்படியானால் எத்தனை ஆண்டுகளாக நான் இந்த ஊரை மஞ்சளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? சேர்வராயன் மலையின் நீலம் குறைந்துவிட்டது என்று மகனிடம் புலம்பியது நினைவுக்கு வந்தது. மலையின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்தபோது, கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கி மீண்டதாம். அப்படித்தான் வளையங்கள் இருப்பது தெரிந்ததாம். அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரும் ஒன்று. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா திண்ணையில் உட்கார வைத்த காலம். மங்குவதிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன்.

கார்த்திகை, இடது கண்: நான்கு. மூன்று வாரத்தில் ஒன்று குறைந்திருக்கிறது.

நவம்பர் 24

மறுபடியும் நான்கு.

நவம்பர் 26

கண்ணின் அளவை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம் என்று அழைத்திருந்தார்கள். எடுத்து முடித்துவிட்டு டாக்டர் கேட்டார்: "லென்ஸ் தூரத்துக்கு வைக்கவா, கிட்டத்துக்கு வைக்கவா?" ஏதோ இட்லியா தோசையா என்பது போன்ற கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று மணி நேரமாக யோசிக்கிறேன்.

எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோப்பதும், மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வதும் இந்த வீட்டில் எனக்கு மட்டுமே வாய்த்த திறமைகள். தூரத்துக்கு வைத்துக்கொண்டால் அந்த இரண்டும் வலது கண்ணை விட்டுப் போய்விடும். படிப்பதற்குத் தனிக் கண்ணாடி தேவைப்படும். கிட்டத்துக்கு வைத்துக்கொண்டால் எல்லாம் பழையபடியே இருக்கும், வானத்துக்கு மட்டும் கண்ணாடி. எல்லாத் தூரத்துக்கும் பொதுவான லென்ஸும் உண்டு, விலை அதிகம், மகன் அதையே வைத்துக்கொள்ளச் சொல்கிறான், பணத்தைப் பற்றி நினைக்காதே அம்மா என்கிறான். ஆனால் அந்த லென்ஸில் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிய வாய்ப்புண்டு என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். பகல் முழுவதும் எதையும் நன்றாகப் பார்த்துவிட்டு, இரவில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பதா?

தம்பியிடம் போனில் கேட்டேன். தொலைநோக்கியைப் பொறுத்தவரை எந்த லென்ஸாக இருந்தாலும் ஒன்றுதானாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோகஸ் திருகே சரிசெய்துவிடும். ஆகவே கேள்வி குழாயைப் பற்றியது அல்ல. வெறுங்கண்ணைப் பற்றியது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் ஒரு நட்சத்திரத்தையும் வெறுங்கண்ணால் புள்ளியாகப் பார்த்ததில்லை. இதற்கு முன் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

நவம்பர் 30, சனி

ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில் வைத்திருந்த முகாம் ரத்து. ஃபெஞ்சல் புயல் இன்றிரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறுகிறது.

டிசம்பர் 2

இரவெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டராம். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பாய் விரிப்பதாக இருந்த காபிக் களத்தின் காவல்காரரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று தம்பி கவலையோடு சொன்னார்.

டிசம்பர் 4

காவல்காரர் நலம். களத்தின் ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கிறது.

டிசம்பர் 7, சனி

இன்று சூரியனுக்கு நேரெதிரே வியாழன். பஞ்சாங்கமும் குரு ரிஷபத்தில் என்கிறது, தொலைநோக்கியும் ரோகிணிக்கு அருகில்தான் காட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களில் சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு விசித்திரம் நடந்தது. கண் வைத்துப் பார்க்கும் 25 மில்லிமீட்டர் ஐபீஸில், 48 மடங்கில், வலது கண்ணுக்கு வியாழன் முள் முளைத்த ஒரு வெளிச்சக் கட்டி. 10 மில்லிமீட்டர் ஐபீஸை மாற்றி 120 மடங்கு ஆக்கியதும் அதே கண்ணுக்கு இரண்டு பட்டைகள் தெரிந்தன! உருப்பெருக்கம் கூடும்போது ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை மெலிகிறது: முன்பு நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இப்போது இரண்டுக்கும் குறைவு. அந்த மெல்லிய கற்றை என் புரையில் எங்கோ ஒரு தெளிந்த இடுக்கைக் கண்டுபிடித்து நுழைந்துவிட்டது. தலையை நூலளவு அசைத்தால் பட்டைகள் போய்விடுகின்றன, திரும்பக் கொண்டுவந்தால் வருகின்றன. பின்னால் வரிசையில் நின்ற சிறுவன் பெருமூச்சு விடும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. மதில்மேல் இருபத்தேழு அகல் வைத்தேன். வலது கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு சுடருக்கும் மூன்று சுடர், எண்பத்தொன்று. எண்ணெய்ச் செலவில்லாமல்.

நிலா கார்த்திகையின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கழுவிவிட்டது. ஜெமினிட் எரிமீன்களுக்கும் இதுவே உரிய இரவு. ஒரு மணி நேரத்தில் இரண்டைப் பார்த்தேன். கணக்கு எடுக்க முடியாத நாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்றிரவு நாகலூர். விடியற்காலையில் வந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

மகனிடம் சொல்லவில்லை. குப்பனூர்ப் பாதையில் வேனில் போனோம். காபிக் களத்தில், பழம் காயவைக்கும் சிமெண்டுத் தரையில், பகல் வெயிலின் சூடு எட்டு மணி வரை பாயின் வழியாக முதுகில் ஏறியது. காபிப் பழத்தின் புளித்த வாடை. பத்து மணிக்குச் சில்வர் ஓக் மரங்களின் கீழே ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. காட்டுமாடு. காவல்காரர் விளக்கைப் போடாமல், பேசாமல் இருக்கச் சொன்னார். இருபது நிமிடம் பதினான்கு பேரும் அசையாமல் படுத்திருந்தோம். வேறு வழியில்லாமல் வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில்தான் என் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகியது என்று நினைக்கிறேன்.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பார்வையைச் சற்று விலக்கி வைத்தேன். ஓரத்தில் ஆறாவது வந்தது. நேராகப் பார்த்தால் ஒளிந்துகொண்டது, விலக்கினால் வந்தது. இடது கண்ணுக்கு ஆறு. சேலத்தில் ஐந்தாகி நான்காகக் குறைந்தது என் கண் அல்ல, ஊரின் வெளிச்சமும் ஈரக் காற்றும்தான் என்றாகிறது. அல்லது கண்ணும் கொஞ்சம் குறைந்து, மலை அதை ஈடுகட்டியிருக்கலாம். ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாக் கணியங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு மாதமாக அது தோன்றவில்லை.

நள்ளிரவுக்குப் பின் பன்னிரண்டே கால் மணி அளவில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் உச்சிக்கு வந்தது, உச்சி என்றாலும் அடிவானத்திலிருந்து இருபத்தைந்து டிகிரிதான். அதற்குக் கீழே வானம் ஆரஞ்சு நிறத்தில் வெளிறிக் கிடந்தது. நெருப்போ என்று கேட்டேன். "நம்ம சேலம்தான் டீச்சர்" என்றார் தம்பி. என் வீட்டு வாசல் விளக்கும் அதில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துதான் கிளம்பியிருந்தேன்.

2025 ஜனவரி 6

சர்க்கரை 7.7. அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்: 27, திங்கள்.

ஜனவரி 9

தூரத்துக்கு என்று சொல்லிவிட்டேன். மகன் போனில் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஊசியில நூலு யாரும்மா கோப்பா?" என்றான்.

ஜனவரி 18, சனி

மேற்கே வெள்ளியும் சனியும் இரண்டு டிகிரி இடைவெளியில். கையை நீட்டிக் கட்டைவிரலை நடுவில் வைத்தால் அடங்கிவிடும் தூரம். வலது கண்ணுக்கு மூன்று வெள்ளி. எந்த இரண்டுக்கு இடையில் சனியைத் தேடுவது?

ஜனவரி 22

எடுக்கும் வில்லையைக் கையில் தருவார்களா என்று கேட்கச் சொல்லியிருந்தார் தம்பி. ஒளி அதில் எப்படிச் சிதறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். கேட்டேன். அதை உள்ளேயே அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். டாக்டர் சிரித்தார். தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜனவரி 25, சனி

எல்லோரும் நாகலூர் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. சளி பிடித்தால் தேதி தள்ளிப்போய்விடும்.

ஜனவரி 26

மாடியில், வலது கண்: பஞ்சுப் பொதி. இடது கண்: ஐந்து.

நாளை காலை ஆறரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகன் ஒன்பது மணி வண்டியில் வந்து சேர்ந்தான். சொட்டு மருந்து இரண்டு மணிக்கு ஒரு முறை. பாயை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன், பனியில் நனைந்துகொண்டிருக்கும்.