சினூக் குஞ்சுகளுக்கு டேக் போட்ட பருவம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மீன்வள முதுகலை படித்த காலத்தில், சால்மன் ஆற்றின் துணையாறு ஒன்றில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை களப்பணி செய்தேன். கடலுக்குக் கிளம்பும் சினூக் சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, வயிற்றுக்குள் பிட் டேக் என்ற சின்ன அடையாளச் சில்லை வைத்து, திரும்ப ஆற்றில் விடும் வேலை. அந்த வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்கள் ஊசி போடுவதைப் பற்றியே கேட்கிறார்கள். ஊசி சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். அதற்கு முன்னும் பின்னும் மீனை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முதலில் இந்த மீன் போகும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். சினூக், ஆற்றின் மேற்பகுதியில் கூழாங்கற்களுக்கு அடியில் பொரித்து, ஒரு வருடம் அங்கேயே வளரும். வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் ஏறும்போது கீழே இறங்கும். சால்மன் ஆறு ஸ்னேக் ஆற்றில் சேர்கிறது, ஸ்னேக் கொலம்பியாவில், கொலம்பியா பசிபிக்கில். வழியில் எட்டு அணைகள். முதலில் எதிர்ப்படுவது 1975-ல் வந்த லோயர் கிரானைட்; அங்கிருந்தே கடலுக்கு இன்னும் 695 கிலோமீட்டர். கடைசி அணையான பான்வில், முகத்துவாரத்திலிருந்து 234-வது கிலோமீட்டரில். இந்த இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ பாதிக் குஞ்சுகள் செத்துப்போகின்றன.

ஸ்னேக் ஆற்றின் வசந்த, கோடை சினூக்கை 1992-ல் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடம் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து திரும்பிய சாக்கை என்ற இன்னொரு வகை சால்மன் ஒன்றே ஒன்று. அதற்கு லோன்சம் லாரி என்று மக்கள் பெயரே வைத்துவிட்டார்கள். நெஸ் பெர்ஸ் பழங்குடியினருக்கு வழிவழியாக மீன்பிடித்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை 1855 ஒப்பந்தம் உறுதி செய்திருக்கிறது. ஆற்றில் மீன் இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது?

குஞ்சுகளைப் பிடிப்பது ஸ்க்ரூ ட்ராப் என்ற பொறியில். இரண்டு மிதவைகளுக்கு நடுவே துளைத் தகட்டால் ஆன பெரிய கூம்பு. அதன் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்கும். எங்களுடையது ஒன்றரை மீட்டர் அகலம். ஓட்டமே அதைச் சுழற்றும். உள்ளே புகுந்த குஞ்சைத் திருகுத் தகடு பின்பக்கமாகத் தள்ளித் தண்ணீர்ப் பெட்டியில் கொண்டுபோய் விடும். குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டில்தான் நகரும் என்பதால் விடிந்ததும் பெட்டியைப் பார்க்கப் போவோம். மார்ச் மாதக் காலையில் மிதவைமேல் பனிக்கட்டி படிந்திருக்கும். மிதவை அங்கி போடாமல் ஏறவே கூடாது. கூம்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது கையை உள்ளே விடவும் கூடாது.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, பெரிய மீன்களைத் தனியாக எடுப்பது. புல் ட்ரவுட் ஒன்று உள்ளே இருந்தால் இரவெல்லாம் சினூக் குஞ்சுகளைத் தின்றிருக்கும். அதுவும் பாதுகாக்கப்பட்ட இனம்தான், அதனால் அதையும் பதமாகத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் பைன் ஊசி, குச்சி, சருகு எல்லாம் அள்ளிப் போட வேண்டும். பெட்டிக்குள் குப்பை சுழன்றால் குஞ்சுகளின் செதில் உரிந்துவிடும். கடலுக்குத் தயாராகும் குஞ்சு உடம்பின் கோடுகள் மங்கி வெள்ளியாக மின்னும். அந்தப் பருவத்தில் செதில்கள் தொட்டாலே உதிரும். செதில் போன குஞ்சுக்கு நான் டேக் போட மாட்டேன். எண்ணிக்கை கூடட்டும் என்று போட்டால், அது வழியில் சாகும்போது அணையில் செத்ததா, நம் கையால் செத்ததா என்று யாருக்கும் தெரியாது.

டேக் போடும் இடம் கரையோரக் கூடாரம். ஐந்தாறு குஞ்சுகளை மட்டும் மயக்க மருந்துத் தொட்டியில் விடுவோம். எம்.எஸ்.-222 என்ற அந்த மருந்து தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும், அதனால் சமையல் சோடா கலக்க வேண்டும். சில நிமிடத்தில் குஞ்சு நிலை தவறிப் பக்கவாட்டில் சாயும். செவுள் மூடி மெதுவாக, சீராக அசைய வேண்டும். அசைவு நிற்கிற மாதிரி தெரிந்தால் எண்ணும் வேண்டாம், அளவும் வேண்டாம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். முதலில் டேக்கின் எண்ணைப் படிக்கும் ரீடரில் காட்டி ஏற்கெனவே டேக் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இல்லையென்றால், நனைந்த உள்ளங்கையில் வயிறு மேலே தெரிய வைத்து, மார்புத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் நடுவே, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி ஊசி முனையை வைப்போம். தோலைத் தாண்டும்போது சின்னதாக ஒரு தடை விரலுக்குத் தெரியும். அது விலகியதும் ஊசியைச் சாய்த்து, அடிவயிற்றை ஒட்டினாற்போல் டேக்கைத் தள்ள வேண்டும். நேராக இறக்கினால் குடலிலோ கல்லீரலிலோ படும். டேக் நெல்மணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், 12 மில்லிமீட்டர் நீளம். பேட்டரி கிடையாது. ரீடரின் காந்தப்புலத்தில் வரும்போது மட்டும் விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். அதனால் மீன் உயிரோடு இருக்கும் வரை வேலை செய்யும். பிறகு நீளம், எடை. எல்லாம் பழகிய கைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பயன்படுத்திய ஊசி ஆல்கஹாலில் ஊறிய பிறகுதான் அடுத்த மீனுக்கு. இல்லாவிட்டால் நோயை நாமே பரப்புவோம்.

தண்ணீர் சூடாகிவிட்டால் அன்றைக்கு டேக் போடுவதில்லை. எங்கள் அனுமதிப் பத்திரத்தில் வெப்பநிலைக்கு வரம்பு உண்டு, பருவத்தில் எத்தனை மீன் சாகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. செத்த ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் ஏறும். இதைக் கெடுபிடி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு தொடும் மீனுக்கு இவ்வளவு கூடக் கணக்கு இல்லாவிட்டால் எப்படி?

டேக் போட்டவற்றை ஆற்றிலேயே கட்டியிருக்கும் கூடையில் தெளிய விட்டு, ஒரு பகுதியைப் பொறிக்கு மேற்புறம் ஆற்றில் கொண்டுபோய் அந்தி சாயும் நேரத்தில் விடுவோம். பொறி எத்தனையில் ஒன்றைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். நூறு விட்டுப் பத்து மறுபடி மாட்டினால், பத்தில் ஒன்று. அப்படியானால் அன்றிரவு பெட்டியில் ஐம்பது இருந்தால் ஆற்றில் சுமார் ஐநூறு இறங்கியிருக்கிறது. ஆற்றின் ஓட்டம் மாறினால் இந்த விகிதமும் மாறும், அதனால் பருவம் முழுக்க இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மே மாதம்தான் சோதனை. மலைப்பனி மொத்தமாக உருகி, ஆறு பழுப்பாகி, முழு மரங்கள் மிதந்து வரும். அந்த இரவுகளில் தூக்கத்தைக் கூறுபோட்டுக்கொண்டு முறை வைத்துப் பொறியைப் பார்ப்போம். ஒரு ராத்திரி பெரிய கட்டை கூம்பின் வாயில் சிக்கிச் சுழற்சி நின்றுவிட்டது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வின்ச்சைச் சுற்றிக் கூம்பைத் தூக்கி, பெட்டியில் இருந்த குஞ்சுகளை அளக்காமலே விட்டுவிட்டோம். குஞ்சுகள் அதிகமாக இறங்குவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான், தரவில் ஓட்டை விழுவதும் அப்போதுதான். அந்த ஓட்டையைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வேலை மாறும். கடலில் வளர்ந்து திரும்பி வந்த பெரிய மீன்கள் முட்டையிடும் பகுதிகளில் நடந்து, முட்டைக்குழிகளை எண்ணி, செத்துக் கிடக்கும் மீன்களுக்கு ரீடர் காட்டுவோம். பெண் மீனின் வயிற்றைத் திறந்து முட்டையிட்டு முடித்ததா என்று பார்ப்பதும் உண்டு. நாற்றம் கையை விட்டு லேசில் போகாது. ஆனால் ரீடர் பீப் என்று சத்தம் போட்டு, என்றோ எவரோ குஞ்சாக இருந்தபோது போட்ட எண் திரையில் வரும்போது, அந்த மீன் போய் வந்த தூரம் அப்படியே உறைக்கும்.

எண்கள் எல்லாம் பிட்டேகிஸ் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும். அணைகளில் குஞ்சுகள் இறங்கும் வழிகளிலும் பெரிய மீன்கள் ஏறும் மீன் ஏணிகளிலும் இருக்கும் ஆன்டெனாக்கள் பதிவதும் அதில்தான் சேரும். கழிமுகத்தில் கிழக்கு சாண்ட் தீவில் கூடுகட்டும் ஆலாக்களும் நீர்க்காகங்களும் தின்ற குஞ்சுகளின் டேக்குகளை, பறவைகள் போன பிறகு மணலில் தேடி எடுப்பார்கள். அந்தப் பதிவும் தரவுத்தளத்தில் வந்துவிடும். கடலுக்குப் போனதில் இரண்டு முதல் ஆறு சதவீதம் திரும்ப வேண்டும் என்பது இலக்கு. பல வருடங்களில் இரண்டுகூட எட்டுவதில்லை. காவிரியில் மேட்டூர் அணை 1934-ல் வருவதற்கு முன் உல்லம் (ஹில்சா) மீன் கடலிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது. அதற்கு இப்படி மீன் மீனாக ஒரு கணக்கு நம்மிடம் இல்லையே என்று எனக்கு ஆற்றாமைதான்.

டேக் ஒன்றும் குறையில்லாத கருவி அல்ல. யகிமா ஆற்றில் பொரிப்பக சினூக்கை வைத்துச் செய்த ஆய்வில், டேக் போட்டவை போடாதவற்றைவிடக் குறைவாகத் திரும்பின, சில டேக்குகள் உடம்பை விட்டு வெளியேறியும் இருந்தன. கைப்பக்குவத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்கள் தேர்வு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், அதனால் மார்ச் வரை காத்திருக்காதீர்கள். மண்சாலையில் வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், வேகமான தண்ணீரில் தப்பிக்கும் பயிற்சி இருந்தால் நல்லது. வேடருக்கு (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடை) இடுப்பு பெல்ட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீருக்குள் விழுந்தால் உள்ளே நீர் நிறைவதை அதுதான் தடுக்கும். முதலில் பொரிப்பக மீன்களில் பழக்குவார்கள். அங்கே மற்றவர்களைவிட மெதுவாகப் போட்டாலும் பரவாயில்லை.