மடக்கு மேசையின் மறுபக்கம்

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்ட அன்று, அரங்கத்தின் வாசலில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு மூதாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழோடு வெளியே வந்த என்னை வாழ்த்திவிட்டு, வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள். எந்தக் கட்சி என்று கேட்டேன். எந்தக் கட்சியும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை, தேர்தல் காலத்தில் மேசை போட்டு உட்காருபவர்களைக் கொடியும் கரைவேட்டியும் இல்லாமல் பார்த்துப் பழக்கமில்லாதவன் நான்.

அவர்கள் ‘லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்’ என்ற பெண் வாக்காளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள். சென்ற ஆண்டு அதே கிளையில் நானும் சேர்ந்துவிட்டேன். பெயர்தான் அப்படியே தவிர, 1973 முதல் ஆண்களுக்கும் அதில் இடமுண்டு. 1920 பிப்ரவரியில் கேரி சாப்மன் கேட் முதலானோர் இதைத் தொடங்கியபோது, பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறக் கடைசியாகத் தேவைப்பட்ட டென்னசி மாநிலத்தின் ஒப்புதல் இன்னும் வந்திருக்கவில்லை; அது வந்தது ஆகஸ்டில்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இது பெரும்பாலும் எழுத்துப் பிழை திருத்தும் வேலை என்று. வாக்காளர் பட்டியலுக்காக வீடு தேடி அலுவலர் வரும் வழக்கம் இங்கே இல்லை. பதிந்துகொள்வதும், வீடு மாறினால் முகவரியைத் திருத்துவதும் அவரவர் பொறுப்பு. கடைசித் தேதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நம்மவர்களுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. முதலெழுத்தோடு வாழ்ந்தவருக்குக் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஓட்டுநர் உரிமத்தில் அது முன்னால் வந்து நிற்கிறது. சமூகப் பாதுகாப்பு அட்டையில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுகின்றன. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, படிவத்தில் தரும் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களையோ அரசுப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பெயர் பொருந்தாவிட்டால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரக்கூடும். ஆகவே, தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டால் உரிமத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்கிறேன்.

சங்கம் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. ஆனால் வாக்குரிமை, தொகுதி வரையறை போன்றவற்றில் வெளிப்படையாக நிலைப்பாடு எடுக்கிறது. அந்த நிலைப்பாடு ஏதேனும் ஒரு கட்சிக்குக் கசக்கும்போது, நடுநிலை எங்கே போயிற்று என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கோடு மெல்லியதுதான். மேசையில் மட்டும் அது தடித்த கோடு. யாருக்குப் போடலாம் என்று ஒரு மாணவி கேட்டபோது, என் நாக்கின் நுனி வரை ஒரு பெயர் வந்தது. விழுங்கிவிட்டு, வேட்பாளர்களின் பதில்களை அருகருகே தரும் ‘வோட் 411’ தளத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, யாருக்குப் படிவம் தரக்கூடாது என்பதைத்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர், குடிமகன் என்ற கட்டத்தில் தெரியாமல் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டால்கூட, நாடு கடத்தல் வரை போய்விடலாம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓட்டுநர் உரிம அலுவலகங்களிலேயே வாக்காளர் பதிவும் நடப்பதால், வரிசையில் நிற்கும் அவசரத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும்.

போன மாதம், மகனோடு வந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே, “கையெழுத்து எங்க போடணும் தம்பி?” என்று பேனாவை எடுத்துவிட்டார். குடியுரிமை வாங்கியாயிற்றா என்று கேட்டேன். இல்லையாம், கிரீன் கார்டு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். படிவத்தை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டு காரணத்தைச் சொன்னேன்.

“ஊர்ல ஒரு தேர்தல் விட்டதில்ல நான்,” என்றார்.

பொதுவாக ஐந்து ஆண்டுகள் நிறைந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் ஐயா என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகிக்கொண்டார்.