மண்டபத்து ஒழுக்கு

2022-இல் இலங்கையின் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட எங்களுக்கு நாலு சுவரும் ஒரு பூட்டும் பெரிய விசயம். இந்த மண்டபம் அகதி முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தங்கவைத்து, நோய் பார்த்து அனுப்பிய இடம். அவர்கள் போன கடலை நாங்கள் எதிர்ப்பக்கமாகக் கடந்திருக்கிறோம். வெயில் காலம் முழுக்க வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசியில் சாமிப் படத்துக்கு நேர் மேலே ஒழுகத் தொடங்கியது.

வேதாளைக் கரையில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் பழக்கம். வந்து அண்ணாந்து பார்த்தார். "ஒழுகுற எடத்துல ஓட்டையத் தேடாதீங்க தம்பி. தண்ணி மேல எங்கயோ புகுந்து, சட்டத்தப் புடிச்சு நடந்து வந்து இங்க விழுது."

அவர் சொன்னபடியேதான். இரண்டு முழம் மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிடித்திருந்த, கொக்கிபோல வளைந்த ஜே போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருவேறி மெலிந்திருந்தன. தார் வாஷர்கள் காய்ந்து வெடித்துப்போயிருந்தன. மழை விட்ட இரண்டு நாளில் ஏறினோம். ஷீட்டில் கால் வைக்கக்கூடாது, முறிந்துவிடும். சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில்தான் நடை. போல்ட் ஷீட்டின் அலை மேட்டில்தான் வர வேண்டும், பள்ளத்தில் வந்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். நட்டை இறுக்கி முறுக்கினால் ஷீட் கீறும். விரிசல் விட்ட ஓரிடத்தை நனைத்துத் தேய்த்தோம். காயவைத்துச் சுரண்டினால் அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. நன்றாக உலர்ந்த பிறகு வள்ளத்துக்குப் போடும் கண்ணாடி இழை விரிப்பை ரெசின் பசை விட்டு ஒட்டினார். இந்த ஊர் வெயிலில் ரெசின் சட்டென்று இறுகிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். மீன்குழம்பு மட்டும் சாப்பிட்டார், அதுவும் தேங்காய்ப்பால் கூடிப்போச்சு என்று ஒரு குறையோடு.

கனடாவில் இருக்கும் மச்சானிடம் கதைத்தபோது அவருக்கும் இதே பாடு. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு ட்ரெய்லர் வைத்திருக்கிறார்; கூரையில் ரப்பர் விரிப்பு. காற்றுப்போக்கியைச் சுற்றி சிலிக்கோன் அடித்தாராம், ரப்பரில் பிடிக்காமல் உரிந்து வந்துவிட்டது. தானே பரவி மட்டமாகும் பசை அதற்கென்றே தனியாக உண்டாம். பழையதை எடுத்துத் துடைத்துவிட்டு, திருகாணித் தலைகள்மேல் அதைத்தான் விடவேணும். பெட்ரோல் கலந்த எதையும் துடைக்கத் தொடக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். அங்கேயும் தண்ணீர் புகுந்த இடம் ஒன்று, சொட்டிய இடம் வேறு.

எங்கள் கூரையில் ஒரு குறை மிச்சம். யாரோ எப்போதோ ஒரு ஷீட் இன்னொன்றின்மேல் ஏறும் பக்கவாட்டு ஓரத்தை வாடைக்காற்றுக்கு எதிர்முகமாக வைத்துவிட்டார்கள். சாரல் அடித்தால் காற்று தண்ணீரை இடுக்கில் ஏற்றும். முழுக்க இறக்கி மாட்டினால்தான் தீரும்; அது எங்களால் ஆகாது. கார்த்திகை முடியும்வரை அந்த மூலையில் அரிசி வாளி வைப்பதில்லை.