கல்லணையைக் கட்டியது யார் என்று எங்கே படித்தாய்?

பிப்ரவரி வந்துவிட்டால் எங்கள் துறை அறையில் உட்கார இடம் இருக்காது. மேசை, நாற்காலி, ஜன்னல் திண்டு எல்லாம் ப்ராஜெக்ட் நோட்டுகள்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு நடத்துகிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் ஆய்வுக் கட்டுரையில் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. துணைநூற்பட்டியலில் "கூகுள்" என்று ஒரு வரி இருந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். கூகுளில் தேடினாய், சரி. கிடைத்தது என்ன, எழுதியது யார், எந்த ஆண்டு? அதைக் கேட்டால் முழிப்பார்கள்.

இந்த வருஷம் பூதலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கல்லணையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் கல்லணையிலிருந்து பிரிந்து வரும் கால்வாயான புது ஆறு ஓடுகிறது, அதனால் ஆசை. கட்டுரையின் முதல் வரியே "கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கரிகாலன் கல்லணையைக் கட்டினான்" என்று இருந்தது. அடிக்குறிப்பில் ஏதோ ஒரு சுற்றுலாத் தளத்தின் முகவரி.

"இதை எங்கேம்மா படிச்சே?"

"ஊருக்கே தெரியும் மேம். கல்லணையில யானை மேல உட்கார்ந்திருக்காரே!"

அந்தச் சிலை நம் காலத்தில் வைத்தது. கரிகாலனைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பதற்கு வேண்டுமானால் அது சான்று. போய் முதலில் சொன்னவரைப் பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினேன்.

தேடிப் பார்த்தாள். சுற்றுலாத் தளம் இன்னொரு தளத்தைப் பார்த்து எழுதியிருந்தது. அது ஒரு பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தது. புத்தகத்தில் ஆதாரமே இல்லை. சாட்ஜிபிடியையும் கேட்டிருக்கிறாள், அது ஆசிரியர் பெயர், பக்க எண்ணோடு ஒரு நூலைச் சொன்னது. எந்த நூலகப் பட்டியலிலும் அப்படி ஒரு நூல் இல்லை.

அப்புறம் பட்டினப்பாலைக்குப் போனோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு கிடைக்கிறது. 301 அடிகளையும் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். "காடுகொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம்பெருக்கி" என்று 283, 284ஆம் அடிகளில் கரிகாலனைப் புகழ்கிறார் உருத்திரங்கண்ணனார். காட்டை அழித்தது இருக்கிறது, குளம் வெட்டியது இருக்கிறது. அணை இல்லை. அடுத்தது திருவாலங்காட்டுச் செப்பேடு. முதலாம் ராஜேந்திரன் காலம், அதாவது 11ஆம் நூற்றாண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் மூன்றாம் தொகுதி, எண் 205. அதன் வடமொழிப் பகுதி, கரிகாலன் காவிரிக்குக் கரை எழுப்பியதைச் சொல்கிறது. கரைதான், அணை என்று அங்கேயும் இல்லை.

"அப்ப கரிகாலன் கட்டலையா மேம்?" முகம் வாடிவிட்டது.

கட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரம்தான் வாக்கியமும் போக வேண்டும். ஒரு வரி மூன்று வரியானது: பட்டினப்பாலை சொல்வது இது, செப்பேடு சொல்வது இது, கல்லணையை அவனே கட்டினான் என்பது மரபு. செப்பேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதும்போது "ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி" என்று சேர்க்கச் சொன்னேன். அவளுக்கு வடமொழி தெரியாது. தெரிந்த மாதிரி எதற்குக் காட்டிக்கொள்ள வேண்டும்?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் ஒரு கல்வெட்டு எண்ணைப் பார்த்துவிட்டு, கல்வெட்டையே படித்ததுபோல் போட்டுவிடுவது. சாஸ்திரி வழியாகப் பார்த்தால் அப்படியே எழுத வேண்டியதுதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். அந்த நூல் 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாக வந்து, 1955இல் திருத்திய பதிப்பாக வந்தது. ஒன்றின் பக்க எண் மற்றொன்றில் பொருந்தாது. ஸ்கேன் பிரதியில் இன்னொரு தொல்லை: திரையில் காட்டும் பக்கம் வேறு, தாளின் மூலையில் அச்சாகியிருக்கும் எண் வேறு. மூலையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

பத்து சதவீத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை, பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை உள்ள ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. அதைப் பத்து சதவீதம் காப்பியடிக்க அனுமதி என்று படித்துக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடு பேசிப் பயனில்லை.

அந்தப் பெண்ணின் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவள் தாத்தாவின் பேட்டி. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஷட்டர் ஏற்றி இறக்கியவர். முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தையெல்லாம் கொட்டியிருக்கிறார். ஆனால் வருஷம் கேட்டால், "பெரிய புயலுக்கு முந்தின வருஷம்" என்பார். டெல்டாவில் இது பெரிய சிக்கல். 1952 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியதும் பெரிய புயல்தான், 1977 நவம்பரில் அடித்ததும் பெரிய புயல்தான். எங்கள் பிள்ளைகளுக்கோ பெரிய புயல் என்றால் 2018 கஜா. "தாத்தா, அப்ப நீங்க வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டுவா என்றேன். சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டதாம். 1952இல் அவர் பள்ளிக்கூடப் பையன். அப்படியானால் 1977, அவர் சொல்லும் வருஷம் 1976.

அடிக்குறிப்பில் தாத்தா பெயர், வயது, ஊர், பேசிய நாள், அவர் சம்மதம் எல்லாம் போட்டாள். "பெரிய புயலுக்கு முந்தின வருஷம்" என்று அவர் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்து, 1976 என்பது தன் கணக்கு என்று தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் கேட்டால் எதை யார் சொன்னது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியும்.