ஊசிக்கு முன்னால் வந்த கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லும் தாயை நான் அனேகமாகக் கண்டதில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் ஊசி, 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., ஒரு வயதில் யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி என்று அட்டையில் எழுதியபடி கொண்டுவந்து விடுவார்கள். நாள் பிந்தினால் அவர்களே போன் எடுத்து, "மிஸ், கிளினிக் எப்ப?" என்று கேட்பார்கள். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஊர், அதை ஒட்டிய தமிழ்க் கிராமம், இரண்டிலும் இப்படித்தான்.

அதே தாய்மார்தான் 2021இல் கொரோனா ஊசி என்றதும் தயங்கினார்கள். படிப்பறிவு போதாது, பேஸ்புக்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று கூட்டங்களில் ஒரு சுலபமான விளக்கம் சொல்லப்பட்டது. குடும்பநல உத்தியோகத்தராக (மிட்வைஃப்) அந்த வீடுகளுக்கு வருடக்கணக்காகப் போய்வந்த எனக்கு அந்த விளக்கத்தில் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஊசியைப் பற்றிய கேள்விகள் கொஞ்சம்தான். அதைக் கொண்டுவந்தவர்களைப் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றில் பல, நோய் வருவதற்கு முன்னமே சனத்தின் மனதில் இருந்தவை.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோது சனம் சொன்னதைக் கேட்டது. கிளினிக்குகள் சில வாரம் நின்றன. இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷா சத்துமாவையும் நாங்கள் கர்ப்பிணிகளின் வீட்டுப் படலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிடித்த மீனை விற்க வழியில்லாதவர்கள், கூலி வேலை நின்றுபோனவர்கள் எல்லாம் அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாவை வைத்து எப்படியோ சமாளித்தார்கள். எதிர்ப்பு என்று சொல்ல அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், தொற்று உறுதியானவரை ஏற்றிப்போக வாகனம் வரத் தொடங்கிய இடத்தில் என்பேன். கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதிதான் தலைமை தாங்கினார். தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றை நடத்தியதும் படையினர்தான். கொழும்பில் இருந்து பார்க்கும்போது அது ஒழுங்கான ஏற்பாடாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் சம்பூர்ப் பக்கத்துச் சனம் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பியது. அப்படித் திரும்பிய ஒரு வீட்டின் முன்னால் இரவில் பஸ் வந்து நின்றது, கூடச் சீருடைக்காரர்கள். அந்த வீட்டு அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவாங்களா?" என்று கேட்டார். பதினாலு நாளில் வந்துவிடுவார் என்று சொன்னேன். "அப்பவும் விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுதான் சொன்னவங்கள்" என்றார். பேரன் சுகமாகத் திரும்பி வந்தார். ஆனால் அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு காய்ச்சல், இருமல் என்று யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள், ஆவி பிடித்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முஸ்லிம் ஊர்களில் நடந்தது இதைவிட ஆழமானது. கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. எங்கள் நாட்டிலோ ஜனாஸாக்களை, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை, எரித்தார்கள். அந்த டிசம்பரில் கொழும்பில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும் எரித்தார்கள். வேலிகளில் வெள்ளைத் துணி கட்டி நாடு முழுக்க ஆட்கள் துக்கம் சொன்னார்கள். எங்கள் பக்கத்திலும் கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் என்னிடம் கேட்டதை மறக்க முடியாது. "ஆஸ்பத்திரிக்கு வந்தா பி.சி.ஆர். எடுப்பாங்க. பொசிட்டிவ் எண்டு வந்து நான் மௌத்தாகினா, என்னையும் வயித்தில இருக்கிற புள்ளையையும் எரிப்பாங்களா மிஸ்?" எரிக்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சட்டம் அப்படித்தான் இருந்தது. வீட்டில் பிரசவம் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு முந்திய தலைமுறை மிட்வைஃப்மார் இந்தப் பகுதியில் தாய் மரணங்களைக் குறைத்தார்கள். அந்த உழைப்புக்குக் குறுக்கே ஒரு வர்த்தமானி வந்து நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

முதல் ஊசிகள் வந்ததும் இதே சமயத்தில்தான். இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் கோவிஷீல்ட் டோஸ்களோடு 2021 ஜனவரி 29இல் ஊசி போடத் தொடங்கினார்கள். எங்களைப் போன்ற சுகாதார ஊழியர்களுக்கு முதலிடம். அன்றைக்கும் எரிப்புச் சட்டம் அமுலில்தான் இருந்தது. அது பெப்ரவரிக் கடைசியில்தான் நீங்கியது. ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி கிடைத்தது மார்ச் 5ஆம் திகதி. அதுவும் சொந்த ஊர் மையவாடியில் கிடையாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒதுக்கிய ஓர் இடத்தில், படையினரின் மேற்பார்வையில். ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "மௌத்தானவங்கள எரிச்ச அரசாங்கம், உசிரோட இருக்கிறவங்களுக்கு மருந்து தருதாம். யோசிக்காம கைய நீட்டுவனா மகள்?" அவரை அறிவில்லாதவர் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தமிழரும் சிங்களவரும் மட்டும் தயக்கமில்லாமல் வந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்து என்று காய்ச்சிய பாணியைச் சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அதை டிவியில் பார்த்த வீட்டுக்குப் போய், விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று நான் சொன்னால் என் பேச்சுக்கு என்ன பெறுமதி?

கோவிஷீல்டின் வரத்து இந்தியாவில் இருந்து நின்றதும் நாடு முழுக்க கிட்டத்தட்ட 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு ஏங்கினார்கள். மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சினோபார்முக்கு அவசர அனுமதி கொடுத்த பிறகு அது பெருமளவில் வந்தது. சனம் வைத்த பெயர் சைனா ஊசி. ஜூனில் கர்ப்பிணிகளுக்கும் போடத் தொடங்கினோம், அங்கேதான் என் வேலை உண்மையில் கனத்தது.

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பின்னால் ஒரு மாமியார், ஒரு தாய், கட்டாரில் இருந்து வட்ஸ்அப்பில் கதைக்கும் ஒரு கணவர். எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கர்ப்பத்தில்தானே போடுகிறோம், அதற்கு நீங்கள் ஒருநாளும் மறுக்கவில்லையே என்பேன். "அது நீங்க காலங்காலமாப் போடுறது" என்பார்கள். நியாயமான பதில்தான். பழக்கத்தில் வந்த நம்பிக்கையைப் புது ஊசிக்கு ஒரே நாளில் மாற்றிக் கொடுக்க முடியாது.

பிள்ளைப் பேறு நின்றுபோகும் என்ற கதைதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. வெளிநாடுகளில் பரவிய கதைதான். ஆனால் எங்கள் நாட்டில் அதற்கு ஏற்கெனவே பாதை போட்டிருந்தார்கள். 2018இல் அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யைக் கிளப்பிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மேல் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகப் பழி போட்டார்கள். ஊசியோ மாத்திரையோ வைத்து இன்னொரு இனத்தின் பிள்ளைகளைக் குறைக்கலாம் என்ற நினைப்பைப் பத்திரிகையும் டிவியும் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. மூன்று இனமும் கலந்து வாழும் எங்கள் மாவட்டத்தில் அந்தப் பயத்துக்கு விலக்கு யாருமில்லை. இது போதாதென்று 2021 செப்டம்பரில், பிள்ளை பெறுவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று சுகாதாரத் தரப்பில் இருந்து ஆலோசனை வந்தது. டெல்டா காலத்தில் கர்ப்பிணிகள் இறந்துகொண்டிருந்ததால், பாதுகாப்பை நினைத்துச் சொன்னதுதான். ஆனால் அடுத்த நாள் நான் போன வீடுகளில், "பாத்தீங்களா மிஸ், இப்ப வெளியால வருது" என்றார்கள். நல்ல நோக்கத்தோடு சொல்லும் ஒரு வார்த்தையையும், கேட்கப்போகும் வீடுகளை அறிந்தவர்களிடம் முதலில் விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இதற்கு முந்திய மாதம், 2021 ஆகஸ்டில், நிலைமை தலைகீழாகியிருந்தது. ஒருநாளில் 200க்கு மேல் மரணம் என்று செய்தி வந்தது. மாதத்தின் பிற்பகுதியில் நாட்டைத் திரும்பவும் பூட்டினார்கள், ஒக்ரோபர் 1 வரைக்கும். பாடசாலை மண்டபங்களின் முன்னால் விடியவே வரிசை நின்றது. கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஊசி போடும் இடத்தை அறிவித்தார்கள். எங்கள் பகுதி மௌலவி ஒருவர் எல்லோருக்கும் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பின்னேரம் மருந்து முடிந்து ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மரண பயம்தான் அவர்களைக் கொண்டுவந்தது என்று சிலர் சொன்னார்கள். பயமும் இருந்தது. ஆனால் முந்திய மாதங்களிலும் மரணங்கள் இருந்தனவே. தங்களுக்குத் தெரிந்த முகங்கள் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததைச் சனம் பார்த்தது, அதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இளைஞர்களின் கேள்வி வேறு. சவூதிக்கு வேலைக்குப் போக நின்றவர்களுக்குப் பைஸர்தான் வேண்டும். சினோபார்முக்குக் கூப்பிட்டால் வரவில்லை. பாஸ்போட்டை நம்பியிருக்கும் குடும்பத்தின் கணக்கு அது, அதில் பிழை காண எனக்கு விருப்பமில்லை.

2022இல் எரிபொருள் வரிசை வந்ததோடு பூஸ்டரைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. பிள்ளைக்குப் பால்மா தேடுகிறவரிடம் மூன்றாவது ஊசியைப் பற்றி எவ்வளவு கதைக்க முடியும்? 2024 ஜூலையில் எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. எட்டு மாத வயிற்றோடு அன்று என்னைக் கேட்டவரிடம் அதைச் சொன்னேன். "என்ட வாப்பாவ எரிச்சது பிழையெண்டு இப்பதானா தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். அவருடைய வாப்பாவின் கதை எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது பாடசாலைகளில் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். 2017இல் இருந்து போடும் ஊசிதான். முன்பு சம்மதக் கடிதத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தவர்கள் இப்போது கடிதத்தோடு என்னைத் தேடி வருகிறார்கள். இது ஏன் பெண்பிள்ளைக்கு மட்டும், ஆரிட்ட இருந்து வருது, பிறகு பிள்ளை பிறக்குமா என்று கேட்கிறார்கள். கிளினிக் முடிந்த பிறகு அவர்களுக்காக ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வைக்கிறேன். நேரம் போதாதென்றால் அடுத்த நாள் வீட்டுக்குப் போகிறேன். அனேகமானவர்கள் கையெழுத்து வைத்துத் தருகிறார்கள், சிலர் இன்னும் யோசிக்கிறார்கள்.