ஒன்றரை அடி தள்ளி

சாயங்காலம் ஆறேகால் ஆனால் எனக்குத் தலைவலி வந்துவிடும். செவ்வாய், வியாழன், சனி மட்டும். கராத்தே வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அது வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்.

நான் சேர்ந்ததே தற்செயல். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருந்தேன். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு வந்து நில்லுங்கக்கா" என்றார் மாஸ்டர். சுடிதாரோடு போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அப்போது எனக்கு 38 வயது. மகள் பச்சை பெல்ட்டோடு நிறுத்திவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

பிரவுன் பெல்ட் வரைக்கும் சலிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. சில மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒரு புது நிறம், ஒரு புதுக் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யவேண்டிய அசைவுகளின் தொகுப்பு. பிரவுனுக்கு வந்ததும் எல்லாம் நின்றது. நாங்கள் கற்கும் ஷோட்டோகான் பாணி கராத்தேயில் பிரவுனே மூன்று படி. ஒவ்வொன்றுக்கும் தேர்வு உண்டு, இடுப்பில் மட்டும் அதே நிறம். வகுப்பில் காலை முன்வைத்துக் குத்தும் ஓய்-சுகி ஐம்பது, தலைக்கு வரும் அடியைக் கையை உயர்த்தித் தடுக்கும் அகே-உகே ஐம்பது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் "இச்சி, நி, சான்" என்று எண்ண, நான் குத்திக்கொண்டிருப்பேன். மனசு ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருக்கும். வேலை ஆடிட்டர் ஆபீஸில். பகலெல்லாம் வவுச்சருக்கு டிக் போட்டுவிட்டு, சாயங்காலம் காற்றுக்கு டிக் போடுவதுபோல இருந்தது.

ஆர்வத்தை மீட்க என்னென்னவோ செய்தேன். புது கராத்தே டிரஸ் வாங்கினேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 39 வயதில் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயின்காரர் சாண்ட்ரா சான்செஸின் வீடியோவைப் பார்த்தேன். மூன்று நாள் தாங்கியது.

கடைசியில் மாஸ்டரிடமே சொன்னேன். "போர் அடிக்குது மாஸ்டர், நின்னுக்கலாம்னு இருக்கேன்." பெரிய உபதேசம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டு மாடில சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்கக்கா. அதுல நின்னு ஹெயான் ஷோதான் பண்ணுங்க. முடிக்கறப்ப எங்க நிக்கறீங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் நின்னுக்கலாம்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஹெயான் ஷோதான் என்பது வெள்ளை பெல்ட் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முதல் கட்டா. மொத்தம் 21 அசைவு. ஒகினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இடோசு என்ற ஆசிரியர் அமைத்த ஐந்து கட்டாக்களில் ஒன்று. ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தை மேலும் கீழும் கோடு போட்டு எழுதினால் எப்படி இருக்குமோ, அதுதான் கால் போகும் பாதை. நடுக்கோட்டில் அகே-உகேயோடு, அதாவது தடுத்துக்கொண்டே, மூன்று காலடி முன்னே போகிறோம். அதே கோட்டில் ஓய்-சுகியோடு, அதாவது குத்திக்கொண்டே, மூன்று காலடி திரும்பி வருகிறோம். ஆரம்பித்த இடத்திலேயே முடிய வேண்டும்.

முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு ஒன்றரை அடி பின்னால் நிற்கிறேன்.

மாடி சாய்வு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழைத்தண்ணீர் ஓடக் கொஞ்சம் சாய்வு இருக்கத்தானே செய்யும்? கீழே கார் நிறுத்துமிடத்தில் செய்தேன். அங்கேயும் ஒன்றரை அடி. பிறகு மகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு அடிக்கும் என் குதிகால் ஓரம் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். தையல் மிஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தோம். போகும்போது காலடிக்கு 32 அங்குலம். வரும்போது 38. மூன்று காலடிக்கு ஆறாறு அங்குலமாகக் கணக்கு சரியாக வந்தது. கணக்கு டாலி ஆனால் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான்.

தடுக்கும்போது காலைச் சுருக்குகிறேன், குத்தும்போது நீட்டுகிறேன். "வீட்லயும் நீ அப்படித்தாம்மா" என்றாள் மகள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே ஐம்பது அகே-உகேதான். ஆனால் நான் பின்னங்காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்கு மேல் தொடை நடுங்க ஆரம்பித்ததும் காலடி நீளம் குறைகிறது. அதுவும் வலது கால் முன்னே வரும்போதுதான் அதிகம். பையன் ஐம்பது எண்ணி முடித்தது தெரியவே இல்லை. ஷோட்டோகானுக்கு மூலவரான ஃபுனகோஷி, மூன்று டெக்கி கட்டாக்களுக்கே பத்து ஆண்டு செலவழித்ததாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் ஜம்பமாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் முதலாவதான டெக்கி ஷோதான்தான் இப்போது எனக்கு நடக்கிறது. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, நண்டு போலப் பக்கவாட்டில் நகரவேண்டும். பத்து ஆண்டு என்பதை இப்போது நம்புகிறேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சலிப்பையும் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். மகளை முதலில் வேறோர் இடத்தில் சேர்த்திருந்தோம். ஒன்றரை வருஷம் எதிரே ஓர் ஆள்கூட நிற்கவில்லை, வெறும் காற்றில் குத்து. தேர்வுக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்துவிடும். அங்கே பிள்ளைக்குச் சலித்ததில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் சோம்பேறித்தனம் என்று திட்டித் திட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னும் சில நாள் தலைவலி வரத்தான் செய்கிறது. மாதம் இருபதாம் தேதி நெருங்கினால் ரிட்டர்ன் வேலை கழுத்தை நெரிக்கும், வகுப்புக்கு மட்டம் போட்டுவிடுவேன். அதற்கு மாஸ்டர் எதுவும் சொல்வதில்லை.

நேற்று மாடியில் செய்து பார்த்தேன். பின்னால் போவது மூன்று அங்குலமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் புதிதாக இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறேன். எந்தத் திருப்பத்தில் விலகுகிறேன் என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் மகளுக்கு டியூஷன் இல்லை. இஞ்ச் டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.