திருத்தி அனுப்பிய அறிக்கை

என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், அறிக்கை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவார். நான் இரவோடு இரவாக உட்கார்ந்து பிழைகளைத் திருத்துவேன், பத்திகளை இடம் மாற்றுவேன், சில இடங்களில் வாக்கியத்தையே புதிதாக எழுதி நேராக மேலதிகாரிக்கு அனுப்பிவிடுவேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி போகும். கூடவே ஒரு வரிகூட எழுதமாட்டேன். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தானே ஆகிறது, தப்புகளை எடுத்துச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை உதவி என்றே நம்பினேன்.

ஆறேழு மாதம் கழித்து வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார். காரணம் கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "இது தப்புன்னு கூப்பிட்டுத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை சார். இவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நீங்க விட்டுட்டீங்கன்னு தோணிடுச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. அப்படி ஒரு நினைப்பு என் மனதில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? தான் எழுதியதையும் நான் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பாராம். எது ஏன் மாறியது என்று அவராகவே ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும்.

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாம் சொல்வதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஆனால் அவர் ஆராய்ந்தது எல்லாப் பேச்சையும் அல்ல. விருப்பு வெறுப்பைக் காட்டும்போது வார்த்தையும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதைத்தான். என் விஷயத்தில் முரண்படுவதற்குக்கூட வார்த்தை இல்லை. நான் முகமும் காட்டவில்லை, குரலும் கொடுக்கவில்லை. விட்டுப்போன இடத்தையெல்லாம் அவர் தன் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்.

குறிப்பறிதல் என்று நம் மொழியில் அருமையான சொல் இருக்கிறது. எதிரே இருப்பவர் குறிப்பை அறிவதைத்தான் திறமையாகச் சொல்கிறோம். நம்மிடமிருந்து போகும் குறிப்பை யார் பார்ப்பது? என் முகம் எனக்குத் தெரியாது என்பது எவ்வளவு சாதாரண உண்மை! ஆனாலும் எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அன்றே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசியாக எழுதிய அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொன்னேன். இரண்டு இடத்தில் அவர் எழுதியதே சரியாக இருந்தது. அதையும் சொன்னேன். வேறு பிரிவு கேட்டு எழுதிக்கொடுத்ததை அவர் திரும்பப் பெறவில்லை, போய்விட்டார். அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது வேறொன்று உறுத்துகிறது. நினைவு வரும்போதே அனுப்பிவிடலாம் என்று இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் எனக்கு உண்டு. காலையில் பார்த்தால் போதும் என்பதுதான் என் எண்ணம், ஆனால் அதை எழுதியதில்லை. குழுவில் ஒருவர் மட்டும் இரண்டே நிமிடத்தில் பதில் போடுகிறார், எந்த நாளானாலும். இவ்வளவு நாளும் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அவரிடம் கேட்க வேண்டும்.